செருகி வைப்பதா, கழற்றி வைப்பதா?

திருகோணமலை ஓராண்டில் இரண்டு ஊராக இருக்கும். மே தொடங்கிச் செப்தெம்பர் வரை கடல் அசையாமல் கிடக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர்கள் மணலில் காய்வார்கள். வாடை பெயர்ந்து நவம்பர் மழை பிடித்துவிட்டால் அதே கரை ஆளில்லாமல் போகும். சிறு படகுகளை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாக்கால் மூடி வைப்பார்கள். ஆகவே, ஒரு பொருளைப் பல மாதங்களுக்கு எப்படிச் சும்மா வைத்திருப்பது என்பது இந்த ஊரில் புதிய கேள்வி அல்ல.

போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தச் சும்மா இருக்கும் பொருட்களின் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்தது. புலம்பெயர்ந்த உறவினர்கள் விடுமுறையில் வந்து ஓடுவதற்கென்று வாங்கி விட்டுச் செல்லும் வாகனங்கள். துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், தகரக் கொட்டகைக்குள் துணி போர்த்திய நிலையில் இப்படி நிற்கும் வண்டிகளைக் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், ஓடாத வண்டியும் ஒரு சொத்தாகிவிட்டது. விற்கவும் மனம் வராது, ஓட்டவும் ஆளில்லை.

அவற்றுள் ஒன்று என் பெரியம்மாவின் வீட்டில் நிற்கிறது. அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கிறார். இங்கே 'டொல்பின்' என்று அழைக்கப்படும் பழைய ரொயோட்டா ஹையேஸ் வான் ஒன்றை வாங்கி (தமிழ்நாட்டு நண்பர்கள் வேன் என்பது எங்களுக்கு வான்), பின்னிருக்கைகளை எடுத்துவிட்டுக் கட்டில், சிறு குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவதாக ஒரு பற்றரி எல்லாம் பொருத்தினார். ஆண்டுக்கு ஆறு கிழமை குடும்பத்தோடு வந்து, முல்லைத்தீவிலும் பாசிக்குடாவிலும் இரவு தங்கித் திரிவார். மிகுதிப் பத்தரை மாதமும் அந்த நடமாடும் வீடு பெரியம்மாவின் படுக்கையறைச் சுவரை ஒட்டிய கொட்டகையில் நிற்கும். பெரியம்மாவுக்கு 79 வயது. உதவிக்கு ஒரு பெண் பகலில் வந்துபோவார்.

"தம்பி, ஒண்டும் யோசியாதை. கொட்டிலுக்கை பிளக் இருக்கு. செருகிப்போட்டு விட்டா அது தன்ரபாட்டிலை கிடக்கும். இங்கை எல்லாரும் அப்பிடித்தான்" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார்.

அங்கே எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மை. ஆனால் ஏன் அப்படி என்பதையும் பார்க்க வேண்டும். ஈய அமிலப் பற்றரி முழு மின்னேற்றத்தில் இருந்தால் அதன் அமிலக் கரைசல் எந்தக் கனடியக் குளிரிலும் உறையாது. மின் இறங்கிவிட்டால் உள்ளிருப்பது ஏறக்குறையத் தண்ணீர்தான். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்குள்ளேயே உறைந்து பெட்டியை வெடிக்க வைத்துவிடும். எட்மன்டனில் மாரிகாலத்தில் மறை முப்பது பாகை சாதாரணம். வண்டியின் மூக்கிலிருந்து இயந்திரத்தைச் சூடாக வைக்கும் வடம் ஒன்று தொங்கும். வாகனத் தரிப்பிடங்களிலேயே செருகுவதற்கு மின்சாரம் இருக்கும். அந்த ஊரில் செருகுவது உயிர்காக்கும் வழக்கம். திருகோணமலையில் பற்றரி உறையப்போவதில்லை. எங்கள் எதிரி வெப்பம்.

பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்து காட்டிய பற்றரிதான் இன்றும் அடிப்படையில் நம் வண்டிகளில் இருக்கிறது. யாரும் தொடாவிட்டாலும் அது தானாக மெல்ல இறங்கும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் அந்த இறக்கம் ஏறத்தாழ இரட்டிக்கும். இறங்கிய நிலையில் பல வாரங்கள் கிடந்தால், தகடுகளில் படிந்த ஈயசல்பேற்று இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எத்தனை முறை மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. "பற்றரி செத்துப்போச்சு" என்று நாம் சொல்வதன் உட்பொருள் பெரும்பாலும் இதுதான்.

இது போதாதென்று, நிற்கும் வண்டியும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வானொலிப் பெட்டியின் மணிக்கூடு, திருட்டு எச்சரிக்கைக் கருவி போன்றவை சேர்ந்து 30 மில்லிஅம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லை. நாளுக்கு 0.72, மாதத்துக்கு 21 அம்பியர்-மணிக்குச் சற்று மேல். 60 அம்பியர்-மணிப் பற்றரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் போய்விடுகிறது. மறை முனையின் வடத்தைக் கழற்றிவிட்டால் இந்த இழப்பு முழுவதும் நின்றுவிடும். பத்தாம் இலக்கச் சாவி ஒன்றும் இரண்டு நிமிடமும் போதும்.

அப்படியானால் செருகி வைப்பதில் என்ன கேடு? மின்னேற்றியைப் பொறுத்தது. நல்ல கருவி முதலில் விரைவாக ஏற்றும், பின்பு 14.4 வோல்ற் அளவில் நிரப்பும், நிரம்பியதும் 13.5க்கு இறங்கிச் சும்மா தாங்கிக்கொண்டு நிற்கும். வெப்பம் கூடினால் அந்த 13.5உம் இன்னும் சற்றுக் குறைய வேண்டும். அதற்கென உணரி வைத்த கருவிகளும் உண்டு. மலிவான மின்னேற்றிக்கு இந்த நாகரிகம் தெரியாது. நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். நீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனுமாகப் போகும், தகடுகள் வெளியே தெரியும், பெட்டி சூடேறும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

பெரியம்மா வீட்டில் நடந்தது இதன் முன்னுரை. அண்ணன் சொல்லக்கேட்டு, அயலில் உள்ள ஒரு பையன் கடையில் அகப்பட்ட மின்னேற்றியை வாங்கிச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். நான் செய்தி வேலையாக மட்டக்களப்பில் இருந்தேன். நான்காம் நாள் இரவு பெரியம்மா அழைத்தார். "மோனை, அறைக்குள்ளை கூழ்முட்டை மணக்குது. கோழிக்கூட்டையும் போய்ப் பாத்திட்டன், ஒண்டுமில்லை." அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பற்றரியின் மணம் அது. சுவரிலுள்ள ஆளியை மட்டும் அணைத்துவிட்டு, வானின் கதவையோ விளக்கையோ தொடாமல், அறையின் யன்னலைத் திறந்துவிட்டு முன் விறாந்தையில் போய் இருக்கச் சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது பற்றரியின் பக்கச் சுவர்கள் வயிறு ஊதியதுபோல் வீங்கியிருந்தன. 79 வயது மனுசி கொட்டகையில் தீக்குச்சி கிழித்துத் தேடாதது எங்கள் நல்ல காலம். அன்றிலிருந்து எனக்கு இது பற்றரியின் ஆயுளைப் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தத் துறைமுகத்துக்கு இது தெரியாத பாடமல்ல. இரண்டாம் உலகப்போரின்போது இங்கே பிரித்தானிய நீர்மூழ்கிகள் தரித்து நின்றன. 'அடமன்ட்' என்ற தாய்க்கப்பல் அவற்றைப் பராமரித்தது. நீருக்கடியில் அவற்றை நகர்த்தியதும் இதே ஈய அமிலப் பற்றரிதான், அளவுதான் வேறு. மின்னேற்றும்போது காற்றோட்டிகளை ஓடவிட்டு, ஐதரசன் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பது நீர்மூழ்கியில் ஒருவருடைய பொறுப்பு. செருகிவிட்டுக் கரைக்குப் போய்விடும் வழக்கம் அங்கே இல்லை.

இன்னொரு காரணம் எங்கள் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போகும்போது சில மின்னேற்றிகள் பற்றரியிலிருந்தே சிறிதளவு இழுக்கத் தொடங்கும். திரும்பி வரும்போது சில கருவிகள் ஆளியை அழுத்தாமல் மீண்டும் தொடங்காது. செருகியிருக்கிறது என்ற நிம்மதியில் வீட்டார் இருக்க, உள்ளே பற்றரி செத்துக்கொண்டிருக்கும். மின்வெட்டுக் குறைந்துவிட்டது, சரி. ஒக்தோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமின்னல் குறையவில்லையே. இடி முழங்கினால் தொலைக்காட்சியின் செருகியை ஓடிப்போய்க் கழற்றும் பெரியம்மா, கொட்டகைக்கு மழையில் ஓட வேண்டுமா?

அந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல வந்தால் சீனக்குடாவைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் அங்கே நிற்கின்றன. பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தவை. 2022 சனவரியில் அவற்றைப் பங்கிட்டு இந்தியாவுடன் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது வான் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். தாங்கிகளின் ஊரில் ஓடாத வண்டிகள் வரிசையாக நின்றன. நாடு முழுவதும் பற்றரிகள் படுத்தது அந்தக் கோடையில்தான்.

அப்போது எல்லோரும் சொன்ன வைத்தியம்: "கிழமைக்கொருக்கா அஞ்சு நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ." இதை நான் ஏற்பதில்லை. டீசல் இயந்திரத்தைக் கிளப்பவே பற்றரி பெருமளவு மின்சாரத்தைக் கொட்ட வேண்டும். சும்மா நின்று உறுமும் ஐந்து நிமிடத்தில் அது முழுதாகத் திரும்பி வராது. புகைக்குழாய்க்குள் நீர் கோத்துத் துரு பிடிப்பதுதான் மிச்சம். கிளப்பினால் குச்சவெளி வரையாவது ஓட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு வரிப்பத்திரமும் காப்புறுதியும் நடப்பில் இருக்க வேண்டும் என்பதைப் புலம்பெயர்ந்த சொந்தக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். அண்ணன் புறப்படும் நாளில் இரண்டு பற்றரிகளையும் முழுதாக ஏற்றி, வடித்த நீர் விட்டு, முனைகளில் உப்புக்காற்று கட்டிய பச்சைப் பூஞ்சணத்தைச் சுரண்டி வசலின் பூசி, மறை வடங்களைக் கழற்றிவிடுகிறோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தே இருக்கும். மாதம் ஒருமுறை நான் மானியோடு போகிறேன். 12.6 என்றால் நிறைவு, 12.4க்குக் கீழே போனால் மட்டும் மின்னேற்றம், அதுவும் பகலில், கொட்டகைக் கதவும் வான் கதவும் திறந்திருக்க, நான் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போது. மாலையில் செருகியைக் கழற்றி மின்னேற்றியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

நல்ல மூன்றுகட்ட மின்னேற்றியும், காற்றோட்டமான கொட்டகையும், தினமும் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆளும் உள்ள வீட்டில் செருகி வைப்பதை நான் தடுக்க மாட்டேன். எப்போதும் ஆயத்தமாக நிற்க வேண்டிய நோயாளர் காவுவண்டிக்கு அது அவசியமும் கூட. வெயில் படும் கூரையுள்ளவர்களுக்குக் கட்டுப்படுத்தியோடு கூடிய சிறிய சூரியத் தகடு அதைவிட மேல். செலவையும் பாருங்கள்: 10 வாற் இழுக்கும் மின்னேற்றி மாதம் முழுவதும் நின்றால் ஏழு அலகு. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, 60 அலகுக்குள் சிக்கனமாக வாழும் முதியவர் ஒருவரை அந்த ஏழு அலகு அடுத்த வகுதிக்குள் தள்ளிவிடலாம். அந்தப் பட்டியலைக் கட்டுவது பெரியம்மா, எட்மன்டன் அல்ல.

இதை அண்ணனுக்குச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. செருகி வைத்தால் வண்டி எப்போதும் ஆயத்தமாக நிற்கும், நினைத்தவுடன் வந்து ஏறிப் போகலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 2024இலும் 2025இலும் அவர் வரவில்லை. "வித்துவிடட்டோ?" என்று நான் ஒருமுறை கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா என்ன சொல்லுறா?" என்றார். பெரியம்மாவைக் கேட்டேன். "அது நிக்கட்டும். ஆனா அந்தச் சாமானை இரவிலை போடாதை" என்றார்.

இப்போது அண்ணன் இரண்டாவது பற்றரியை லிதியத்துக்கு மாற்றலாமா என்று கேட்கிறார். லிதியம் தானாக இறங்குவது மிகக் குறைவு. நெடுநாள் சும்மா நிற்பதற்கு அதைப் பாதியளவு ஏற்றத்தில் விட்டு வைப்பதே நல்லது, நிரப்பியபடி செருகி வைப்பது அதற்கும் ஆகாது. அதற்கேற்ற மின்னேற்றியும் புதிதாக வாங்க வேண்டும். கொழும்பில் விலை விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.