இருபத்தேழு சரிகள்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இக்காலத்தில் அவர்கள் இருந்திருப்பின், 'புதுக் காரை வாங்கிப் பார்' என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். வாங்குவதுகூடப் பெரிதன்று. வாங்கிய இடத்திலேயே அதனைப் பராமரிப்புக்குக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதுதான் பொறுமை என்பது யாதெனத் தெரியவரும்.

யான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பிப்பவன். நெடுங்காலம் துவிச்சக்கர வண்டியிலும், பின்னர் மோட்டார் சைக்கிளிலும் கல்லூரிக்குப் போய்வந்தவன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் பழைய கார்களின் விலை பவுணின் விலையோடு போட்டியிட்டமையை நேயர்கள் அறிவர். 2025 பெப்ரவரியில் கதவு மீண்டும் திறந்தது. என் மனைவியும் ஆசிரியை. இருவர் சம்பளத்தையும் ஒன்றாக்கி, லீசிங்கில் ஒரு சிறு காருக்கு விண்ணப்பித்தோம்.

நிறம் சிவப்பாயிருத்தல் வேண்டும் என்பது மகனின் நிபந்தனை. விற்பனை செய்த இளைஞர் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இதிலேயே ஸ்போட்ஸ் மொடல் ஒன்று இருக்கு" என்றார். இயந்திரம் அதேதான். பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, பின்னால் சிறு இறக்கை, சில்லுகளுக்குப் பளபளக்கும் அலுமினியம். அவ்வளவுக்கும் பல இலட்சம் மேலதிகம். மகன் என்னைப் பார்த்தான். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள். ஸ்போட்ஸ் மொடலையே வாங்கினோம். அதிலே விளையாட்டு எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் முதலாவது இலவசப் பராமரிப்பு. வேறு இடத்திற் செய்வித்தால் உத்தரவாதம் இல்லாமற் போகும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தபடியால், வாங்கிய முகவர் நிலையத்துக்கே கொண்டுசென்றேன். மூன்று மணித்தியால வேலை என்றார்கள். குளிரூட்டிய அறை, மெத்தை ஆசனம், கேளாமலே கோப்பி. மாலை ஐந்து மணிக்குக் கார் வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், முன்புறத்துப் பாதவிரிப்பு எங்களுடையதன்று. வேறு யாரோ ஒருவருடைய பெரிய வாகனத்தின் விரிப்பை மடித்துச் செருகியிருந்தார்கள். தொலைபேசியிற் சொன்னேன். "சொறி சேர், அடுத்த முறை வரேக்கை மாத்தித் தாறம்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிறிய தவறுக்குச் சிரித்துவிடுவது நம்மவர் இயல்பு. பெரிய தவறு அந்தச் சிரிப்பின் பின்னால் வரிசையில் நிற்கிறது என்று அன்று யார் கண்டார்?

அச்சமயத்தில் என் சிறுபராயத்து நினைவொன்று வந்தது. தந்தையாரிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணாற் காண்பதரிது. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கார் புகையைக் கக்கிக்கொண்டு வருவது ஊருக்கே தெரியும். எங்கள் கராஜ்காரர் ஒரு மாமரத்தின் கீழே வேலை செய்வார். உதிரிப்பாகம் கிடையாது, ஒழுங்கான வெளிச்சமும் கிடையாது. ஆயினும் சில்லைப் பூட்டி, ஜக்கை இறக்கிய பிறகு, ஒவ்வொரு நட்டையும் மறுபடியும் ஸ்பனராற் பிடித்துப் பார்ப்பார். அதன் பின்னரும், "ஒரு சுத்து ஓடிப்போட்டு வாங்கோ, திரும்பவும் பாப்பம்" என்பார். அவரிடம் படிவம் எதுவும் இருந்ததில்லை.

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்தது. அவளை விடுதியிற் கொண்டுபோய் விடுவதற்குக் குடும்பமாகவே செல்லத் தீர்மானித்தோம். நெடும்பயணம் என்பதாலேயே, ஐயாயிரம் கிலோமீற்றர்ப் பராமரிப்பை இரண்டு நாள் முந்தியே செய்வித்தேன். இம்முறை நான்கு சில்லுகளையும் கழற்றி முன்பின்னாக மாற்றுவதும் அவ்வேலையில் அடக்கம். பாதவிரிப்பு அன்றும் மாறவில்லை. ஆனால் ஓர் அழகிய படிவம் தந்தார்கள். பார்த்த விடயங்கள் 27; ஒவ்வொன்றுக்கும் எதிரே நீல மையினால் ஒரு 'சரி' அடையாளம். கீழே கையொப்பம். ஆசிரியனுக்குச் 'சரி'யைக் கண்டால் மனம் குளிரும். மடித்து வைத்துக்கொண்டேன்.

அதிகாலையிற் புறப்பட்டோம். ஆனையிறவைக் கடந்து பரந்தனை நெருங்குகையில், முன்பக்கத்திலிருந்து 'கடக் கடக்' என்று மெல்லிய ஓசை கேட்டது. மனைவிதான் முதலிற் சொன்னாள். வீதியிற் பள்ளமாயிருக்கும் என்றேன். அந்த இடத்தில் வீதி கண்ணாடி போலிருந்தது என்பதை அவள் எனக்கு நினைவூட்டினாள். சுக்கானும் சற்று நடுங்கிற்று. புதுக் கார், இரண்டு நாளுக்கு முன்னரே பார்த்த கார், 27 சரிகள். ஆகையால் நிறுத்தவில்லை. இதனை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

கண்டி வீதியிற் போகும் எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமற் போவதில்லை. யாமும் இறங்கினோம். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால், ஒரு முதிய லொறிச் சாரதி எங்கள் காரின் அருகே குந்தியிருந்தார். தம்முடைய லொறியின் ரயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், பழக்கதோஷத்தால் பக்கத்திலே நின்ற எங்கள் காரையும் பார்த்திருக்கிறார்.

"தம்பி, உது உங்கட காரோ?"

"ஓம் அண்ணை."

"உந்த முன்சில்லைப் பாத்தனீங்களோ?"

இடப்பக்கத்து முன்சில்லில் நான்கு நட்டுகள் இருத்தல் வேண்டும். ஒன்றைக் காணவில்லை. இரண்டை அவர் விரல்களாலேயே சுழற்றிக் காட்டினார். நான்காவது ஒன்றே, அதுவும் அரைமனதோடு, சில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாசனத்திலே மகளின் புதிய பெட்டியும், அதன்மேல் அவள் தாயார் கட்டிக் கொடுத்த பலகாரப் பொதியும் இருந்தன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் தம் ஸ்பனரை எடுத்து, எஞ்சிய மூன்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். மற்றச் சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "மூண்டோட மெதுவாப் போங்கோ. வவுனியாவில ஒண்டு வாங்கிப் போடுங்கோ. நட்டைக் கையாலை தொட்டுப் பாக்கவேணும் தம்பி, கண்ணாலை பாத்தாக் காணாது" என்றார். கொடுத்த பணத்தை வாங்க மறுத்துக் கச்சானில் ஒரு பிடி மாத்திரம் எடுத்துக்கொண்டார். பிள்ளையார் காப்பாற்றினார் என்றாள் மனைவி. லொறிக்காரர் காப்பாற்றினார் என்றான் மகன். அவரை அவ்விடத்திலே நிறுத்தியவர் யார் என்று மனைவி கேட்டாள். விவாதம் வவுனியா வரை நீடித்தது. அலுமினியச் சில்லாகையால் நட்டுகள் மூடியின்றி வெளியே தெரிந்தன என்பதும் உண்மை. அந்தப் பல இலட்சத்துக்கு அன்று முதல் நான் வருந்தியதில்லை.

இதிலே எனக்கு வேறொரு வெட்கமும் உண்டு. விசையின் திருப்பத்தைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். சில்லு, அச்சிலுள்ள தட்டோடு இறுக அழுத்தப்பட்டு, உராய்வினாலேயே நிலைத்து நிற்கிறது. அந்த அழுத்தத்தைத் தருவன நட்டுகள். சிறு காருக்கு அவற்றை ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் அளவுக்கு இறுக்குவர். கால் மீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியிலே நாற்பது கிலோ நிறையைத் தொங்கவிட்டாற் போன்றது அது. குறைந்தால் அசையும், அசைந்தால் நட்டு மேலும் தளரும். மிகைப்பட்டாலோ புரி கெடும். இவ்வளவும் கரும்பலகையில் எழுதத் தெரிந்த நான், என் சொந்தக் காரின் நட்டு ஒன்றையேனும் ஒருநாளும் தொட்டதில்லை.

ஊர் திரும்பியதும் முகவர் நிலையத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறை, கோப்பி. முகாமையாளர் நான் சொன்னவற்றைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, படிவத்தின் பிரதியை எடுத்து என்முன் வைத்தார்.

"சேர், இதைப் பாருங்கோ. நட்டு இறுக்கினதெண்டு சரி போட்டிருக்கு."

"சரி போட்டிருக்கிறது. ஆனால் நட்டு இறுக்கப்படவில்லையே."

"அதெப்பிடி சேர்? சரி போட்டிருக்கே!"

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? இரவிலே யாரேனும் சில்லைத் திருட முயன்றிருக்கலாம் என்று ஓர் ஊகமும் தெரிவித்தார். இறுதியாக, என் மனத்தைத் தேற்றும்பொருட்டு, ஒரு தடவை காரை இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொன்னார். நான்கு உயிருக்கு ஒரு கழுவல். வாழ்க்கையில் நான் மிகவும் கோபங்கொண்டு, மிகவும் மெதுவாகப் பேசிய நாள் அதுவே.

வெளியே வந்து காரில் ஏறும்போது, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓர் இளைஞன் ஓடிவந்தான். இருபது வயது இருக்கும்.

"சேர், அந்தச் சில்லைப் பூட்டினது நான்தான். கையாலை பூட்டிப்போட்டு நிக்கேக்கை வேறை காருக்குக் கூப்பிட்டவை. திரும்பி வரேக்கை உங்கட கார் கழுவப் போட்டுது."

"அப்படியானால் சரி போட்டது யார்?"

"அது சேர், காலமையே எல்லாத்துக்கும் போட்டு வைக்கிறது. பின்னேரம் நேரமிருக்காது." சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். "பிள்ளையளும் இருந்தவையோ சேர்?"

"இரண்டு பேரும்."

அவன் முகம் வெளிறிற்று. முகாமையாளர் கேளாத கேள்வியை அவன் கேட்டான். படிவத்தின் 27 விடயங்களிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. என் கோபம் போய் விழுவதற்கு இடந்தேடித் தடுமாறிற்று.

நிறுவனத்தின் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதில் அவ்விளைஞனைக் குறிப்பிடவில்லை. படிவத்தை வேலை முடிந்த பின்னரே நிரப்புதல் வேண்டும், பூட்டியவரன்றி வேறொருவர் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம் என்று வழக்கறிஞரான நண்பரொருவர் சொன்னார். அதனையும் கடிதத்தின் அடியிற் குறிப்பிட்டேன். மறுமொழி விரைவில் வந்தது. அடுத்த முறை சென்றபோது, இன்னொருவர் வந்து ஒவ்வொரு நட்டையும் பிடித்துப் பார்த்து, மஞ்சள் மையாற் கோடு இழுப்பதைக் கண்டேன். பாதவிரிப்பு மாத்திரம் இன்னும் மாறவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாயிருக்கும். முகாமையாளரைக் கண்டு வந்த அன்றிரவு, என் மேசையில் மாணவரின் செய்முறைக் கொப்பிகள் 38 அடுக்கப்பட்டிருந்தன. முந்திய வாரமே நான் திருத்தி முடித்தவை. எதையோ தேடி ஒன்றை விரித்தேன். எளிய ஊசற் பரிசோதனை. அலைவு நேரங்களின் அட்டவணைக்கும் முடிவுக்கும் நடுவில், அழகிய கையெழுத்தில் ஒரு வாக்கியம்: 'இந்த வரியைச் சேர் வாசிக்கமாட்டார்.' அதன் மேலேயே, சிவப்பு மையினால், பெரிதாக, என் சரி.

நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பிகள் மிகுதி, நேரம் குறைவு, திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் மறுநாள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒவ்வொன்றையும் அன்று பகல் அந்த இளைஞனின் வாயிற் கேட்டிருந்தேன். அவனாவது ஓடிவந்து சொன்னான்.

மறுநாள் அம்மாணவனை அழைத்தேன். நடுங்கிக்கொண்டே, "சேர், பகிடிக்கு எழுதினது" என்றான். "நீ எழுதியது முற்றிலும் சரி. அதனாலேதான் சரி போட்டிருக்கிறேன்" என்று சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் இம்முறை அந்தச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. கொப்பிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்பொழுது ஓர் இரவிற் பத்துக் கொப்பிக்கு மேல் நான் திருத்துவதில்லை. கொப்பிகள் தாமதமாக வருகின்றன என்று மாணவர் முணுமுணுக்கின்றனர். எங்காவது காரிற் புறப்படும் நாளில், பேராதனையிலிருந்து மகள் அழைத்து, "அப்பா, நட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்பாள். ஸ்பனரைக் கையில் வைத்துக்கொண்டே, பார்த்துவிட்டேன் என்று சொல்வேன்.