கார்பன் சைக்கிளுக்கு அளவெடுத்த தையல்காரம்மா!

ஆடித் தள்ளுபடிக்குப் போகிற பெண்கள் யாரும் விலைச் சீட்டைப் பார்த்ததும் மயங்கிவிடுவதில்லை. புடவையை விரிப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார்கள். “இது மட்டும் ஏன் பாதி விலை?” என்று கேட்காமல் பில் போடவிட மாட்டார்கள்.

அதே வீட்டு ஆண்கள் ராத்திரி 11 மணிக்கு செல்போனைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல். கோடு போட்டு அடித்த பழைய விலை, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் புது விலை, கீழே ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’. கட்டைவிரல் தானாகவே பட்டனை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

சேலத்தில் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டிலும் போன வருஷம் இதுதான் நடக்க இருந்தது.

வாத்தியாருக்கு வயது 46. மூன்று வருஷத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. “நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க” என்றார் டாக்டர். நடைப்பயிற்சி பத்து நாளில் அலுத்துவிட்டது. ஒரு அலுமினிய கியர் சைக்கிள் வாங்கினார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் ஒரு சைக்கிள் குழுவோடு சேர்ந்தார். பத்து கிலோமீட்டர் இருபது ஆனது, ஐம்பது ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பழகிவிட்டன. சர்க்கரையும் இறங்கியது.

பிறகு ‘ப்ரெவே’ ஆசை பிடித்தது. பிரான்ஸில் பிறந்த நெடுந்தூரப் பயண முறை இது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27 மணி நேரத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பந்தயம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் ஜெயித்தவர்தான். நான்கையும் ஒரே சீசனில் முடிப்பவருக்கு ‘சூப்பர் ரேண்டனர்’ என்று பெயர்.

குழுவில் ஒரு ஒத்திகை போட்டார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதை 13.5 மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் அந்த கார்பன் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. 1,85,000 ரூபாய் சைக்கிள் 1,19,000 ரூபாய்!

பணம் இருந்தது. மனைவி கட்டிவந்த சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர் அவர். தெருப் பெண்களின் ஜாக்கெட் அளவெல்லாம் அவருடைய நீள நோட்டில் இருக்கும். சீட்டுப் பணத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கி, மீதியை மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைப்பதாகத்தான் திட்டம்.

வாத்தியார் தயங்கித் தயங்கி செல்போனை நீட்டினார். மனைவி சத்தம் போடவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

“எதுக்குங்க இவ்வளவு குறைக்கிறான்?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தள்ளுபடிக்குக் காரணங்கள் உண்டு. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க சைக்கிளுக்கு அடிதடி நடந்தது. கம்பெனிகள் ஏகத்துக்கும் ஆர்டர் கொடுத்தன. சரக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. பிரிட்டனில் ஆன்லைன் சைக்கிள் விற்பனையில் கொடிகட்டிப் பறந்த ‘விகிள்’ நிறுவனமே 2023 அக்டோபரில் திவால் நிலைக்குப் போனது. இன்னொரு காரணம், மாடல் மாறுவது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வந்தது. பின்சக்கரத்தில் 11 பல்சக்கரம் இருந்த இடத்தில் 12 வந்தது. பழைய மாடல் விலை இறங்கியது. இவற்றில் பயப்பட ஒன்றுமில்லை. போன வருஷ டிசைன் புடவை கிழிந்தா போய்விடும்?

பயப்பட வேண்டியது வேறு வகை. டிஸ்பிளேயில் நின்றது, யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியது, பெரிய பிராண்டின் படத்தை மட்டும் போட்டுப் பணம் பறிக்கும் போலிக் கடை. இவை எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது ஒன்று உண்டு: யாருக்கும் பொருந்தாமல் மிஞ்சிய சைஸ்.

“இதுல என்ன சைஸ் இருக்கு?” என்றார் மனைவி.

“56 மட்டும்தான் இருக்கு.”

“உங்க சைஸ் என்ன?”

“அது... சீட்டை இறக்கிக்கிட்டா சரியாயிடும்.”

இப்போது மெஷின் நின்றது. “தோள் பெருசா இருக்கிற சட்டையை, கையை மடிச்சுவிட்டா சரியாயிடுமாங்க? சுவர் ஓரமா நில்லுங்க.”

கழுத்தில் கிடந்த டேப் கைக்கு வந்தது. மகள் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகு ஒட்டி நின்று, கால்களுக்கு இடையில் புத்தகத்தை மேலே முட்டும்படி வைத்து, அங்கிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதுதான் கால் உயரம். “அப்பா, ஆடாம நில்லுப்பா!” என்று மகள் ஒரு பக்கம் சிரித்தாள்.

கால் உயரம் 78 சென்டிமீட்டர். மொத்த உயரம் 168.

கால் உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கட்டைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு அது. 1986-ல் டூர் டி ஃபிரான்ஸை வென்றவர். அப்போது அவர் ஓட்டியது கார்பன் ஃபிரேம்! வாத்தியாருக்கு 69 சென்டிமீட்டர் வந்தது. இது ஆரம்பப் புள்ளிதான், ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டை ஏற்றி இறக்கலாமே தவிர, ஃபிரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது. பெரிய ஃபிரேமில் கை எட்டாமல் குனிந்துகொண்டே போனால் 30 கிலோமீட்டரில் கழுத்து வலிக்கும். 100 கிலோமீட்டரில் விரல் மரத்துப்போகும். கம்பெனியின் அளவு அட்டவணையைப் பார்த்தார்கள். அவருக்கு 52. படத்தில் இருந்த 56, அவரைவிட நல்ல உயரமான ஆளுக்கானது.

“எடை கம்மி. மலை ஏறறப்ப நல்லா இருக்கும்” என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் வாத்தியார்.

“எவ்வளவு கம்மி? கணக்கு வாத்தியார்தானே, போட்டுச் சொல்லுங்க.”

போட்டார். கார்பன் சைக்கிள் 1.7 கிலோ குறைவு. ஆனால் மலையில் ஏறுவது சைக்கிள் மட்டுமல்ல. ஆள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 86 கிலோ. அதில் 1.7 என்பது நூற்றுக்கு இரண்டு. இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது இரண்டரை நிமிஷம்கூட இல்லை. கரூர் ரோடு மாதிரி சமதளத்தில் அதுவும் கிடையாது. அங்கே வேகமாக மிதிப்பவரின் பலத்தில் பெரும்பங்கைத் தின்பது எதிர்க்காற்று.

அப்படியானால் கார்பன் வீணா? இல்லை. நெடுந்தூரத்துக்கென்றே ‘எண்டியூரன்ஸ்’ என்று ஒரு வகை வருகிறது. முதுகு அதிகம் வளையாமல் உட்காரலாம். 32 மில்லிமீட்டர் வரை அகலமான டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்துக்கொள்ளலாம். சாலையின் அதிர்வு உள்ளங்கைக்குக் குறைவாகவே வரும். பந்தயத்துக்குச் செய்த ‘ரேஸ்’ வகையில் இந்தச் சௌகரியம் குறைவு. நாள் முழுக்க ஓட்டுபவர் கேட்க வேண்டியது எடையை அல்ல, இந்த வகையை.

மனைவிக்கு இன்னொரு சந்தேகம். “கார்பன்னா என்னங்க?”

தலைமுடியைவிட மெல்லிய கார்பன் நூல். அதைத் துணிபோல் ஆக்கி, பிசின் ஊறவைத்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து, வேகவைத்து எடுப்பது.

“அட, துணிதானா! அப்ப உள்ள ஒரு அடுக்கு விட்டுப்போச்சுன்னா வெளிய தெரியாதே?”

சட்டைக் காலருக்குள் ஒட்டும் கேன்வாஸ் பிரிந்தால் முதலில் தெரியாது. இரண்டு துவையலுக்குப் பிறகுதான் குமிழ் குமிழாகக் கிளம்பும். தையல்காரர்களுக்கு இது பாலபாடம்.

இரண்டு வாரம் தேடி, 52 சைஸில், போன வருஷ எண்டியூரன்ஸ் மாடல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தள்ளுபடி அதிலும் இருந்தது. விலை 1,24,000. ஓவர்லாக் மெஷினைத் தீபாவளிக்குத் தள்ளிவைத்தார் மனைவி. ஃபீஸுக்குப் பள்ளிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்துத் தருவதாகச் சொன்னார் வாத்தியார்.

பெட்டி வந்தது. ஒரு ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டி, டேப்பை அறுப்பதிலிருந்து மகள் வீடியோ எடுத்தாள். இடையில் நிறுத்தவில்லை. ஃபிரேமைத் துடைத்து, புடவையைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மனைவி. பின்சக்கரத்தைத் தாங்கும் இடதுபக்கக் குழாயில் அவர் விரல் நின்றது. ஒரு தலைமுடி நீளக் கோடு.

குழுவுக்குப் பழக்கமான மெக்கானிக் வந்தார். ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டினார். டக், டக், டக். கோட்டின் அருகில் வந்ததும் சத்தம் மந்தமானது.

“சார், ஸ்டீல்னா வளையும். அலுமினியம்னா நெளியும். நமக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். இது அப்படி இல்லை, ஓட்டும்போதே போயிடலாம். பெயின்ட் கோடா, உள்ள விரிசலான்னு சத்தத்தை மட்டும் வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா, என் தம்பி வாங்கியிருந்தா ஓட்டவிட மாட்டேன்.”

கரூர் பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. விற்ற கடைக்குப் போன் செய்தார். அங்கே பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். “அது வெறும் பெயின்ட் கீறல் சார். இருந்தாலும் உங்களுக்காக 10 பர்சென்ட் திருப்பித் தர்றோம். வெச்சுக்கோங்க.”

12,400 ரூபாய்! வாத்தியார் முகத்தில் ஆசை எட்டிப் பார்த்தது. பெயின்ட்டாகவும் இருக்கலாம் இல்லையா? மெக்கானிக்கே சத்தியம் செய்யவில்லையே? ஓவர்லாக் மெஷினுக்குப் பாதிப் பணம் திரும்பி வருமே?

மனைவி ஒரே கேள்விதான் கேட்டார். “என்னங்க, ஏற்காட்டுல இருந்து அம்பது கிலோமீட்டர் வேகத்துல இறங்கும்போது, அந்தப் பத்து பர்சென்ட்டா வந்து உங்களைப் பிடிச்சு நிறுத்தும்?”

சைக்கிள் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

பணம் உடனே வரவில்லை. முதலில் மழுப்பினார்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-லேயே வந்துவிட்டன. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் குறை தீர்க்கும் அதிகாரி முடித்துத்தர வேண்டும். இதைக் குறிப்பிட்டு, வீடியோவையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினார் வாத்தியார். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவரை போகவேண்டி வரவில்லை. 23-ம் நாள் முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறியது.

கரூருக்கு அவர் பழைய அலுமினிய சைக்கிளில்தான் போனார். ஒரே மாற்றம், சீட் 69 சென்டிமீட்டருக்கு உயர்ந்திருந்தது. மூன்று வருஷமாக அது நான்கு சென்டிமீட்டர் தாழ்வாகவே இருந்திருக்கிறது! மலை ஏறிய மறுநாளெல்லாம் முட்டி வலித்ததற்கு வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். டயரையும் 28-க்கு மாற்றியிருந்தார்.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பினார்கள். நாமக்கல்லில் இட்லி. பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் தாண்டும்போது நல்ல வெயில். திரும்பும் வழியில் எதிர்க்காற்றில் இரண்டு பேர் சோர்ந்து உட்கார்ந்தார்கள். வாழைப்பழமும் இளநீரும் கொடுத்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். சேலம் வந்து சேர்ந்தபோது 12 மணி 20 நிமிஷம் ஆகியிருந்தது. முட்டி வலிக்கவில்லை.

கார்பன் ஆசை அவரை விட்டுப் போய்விடவில்லை. போகவும் வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஓவர்லாக் மெஷின் வந்தது. அடுத்த சீட்டு விழும்போது கோவைக்கு நேரில் போய், ஏறி உட்கார்ந்து பார்த்து, 52 சைஸில் வாங்குவது என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். அதில் தள்ளுபடி கிடைத்தால் லாபம்.

இதற்கிடையில் சைக்கிள் குழுவுக்குள் விஷயம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கையுமாக இரண்டு மூன்று பேர் தையல் கடை வாசலில் நிற்கிறார்கள். நீள நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஜாக்கெட் அளவுகளுக்குப் பின்னால், இப்போது ஆண்களின் கால் உயரமும் சீட் உயரமும் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

“அளவு எடுக்கக் காசு வேண்டாங்க. ஆனா, வாங்கறதுக்கு முன்னாடி அந்தச் சைக்கிளை வீட்ல ஒரு தடவை காட்டிட்டு வாங்குங்க” என்கிறார் தையல்காரம்மா.