நாலு மணி நேரத் தூரம்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 2,600 கிலோமீட்டர். நாலு மணி நேரம். ஈப்போவாசிகளாகிய நமக்கு இந்தக் கணக்கு ஒத்துவருமா, நீங்களே சொல்லுங்கள். நம் ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது. சென்னைக்குத்தான் விமானம் இல்லை. சிப்பாங் போய்ச் சேரவே சாலையில் மூன்று மணி நேரம்.

என் தந்தையார் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1966-இல் அப்பாயி காலமானதாக நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினால் கடலில் மட்டும் நாலைந்து நாள். அதற்கும் கையில் காசு கிடையாது. அன்று கிணற்றடியில் குளித்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியலில் காண்டா வாளியோடு வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு சித்தப்பா இறந்தார். செய்தி உடனே கைப்பேசியில் வந்துவிட்டது. விசா முன்பே எடுத்திருந்ததால் அன்றிரவே புறப்பட்டேன். சென்னையில் இறங்கி, மறுபடியும் காரில் 300 கிலோமீட்டர். வாசலை மிதித்தபோது, எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அப்பாவால அன்னிக்கு வர முடியல. நீயாவது வந்தியேப்பா" என்றார்.