தேம்ஸ் அம்மாவும் பொலிஸ்காரனும்

பென் ஆரனோவிச் எழுதின 'ரிவர்ஸ் ஒஃப் லண்டன்' நாவல் வரிசை 2011இல தொடங்கினது. செவன் ஹில்ஸிலயிருந்து வேலைக்குப் போற ரயிலிலயே நாலு புத்தகம் முடிச்சிட்டன்.

தேம்ஸ் ஆற்றின்ர தெய்வம், நைஜீரியாவிலயிருந்து தாதி வேலை படிக்க வந்த ஒரு பொம்பிளை. வந்தேறியைத் தாயெண்டு ஏற்ற ஆறு! வாசிச்சிட்டுக் கனநேரம் யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டிருந்தன். இஞ்ச துங்காபி ஓடைக்கும் எங்கட ஆச்சி ஒராள் வரலாமோ? (அது டாருக் மக்களின்ர நிலம், முதல்ல அவையிட்டத்தான் கேக்கவேணும்.)

கதாநாயகன் பீற்றர் கிராண்ட் மந்திரம் பழகிற பொலிஸ்காரன். பகிடியா, அன்பாக் கதவு தட்டுவான். சோதனைச்சாவடியில அடையாள அட்டை நீட்டி வளந்த எனக்கு அந்தப் பகிடி மட்டும் ஒட்டேல்லை. கதவு தட்டுற இடம் வந்தா இப்பவும் பக்கத்தைத் தட்டிவிடுறன்.

அஞ்சாவதுக்கு நூலகத்தில பேர் குடுத்திருக்கு.