டீசலா, பெட்ரோலா என்று கேட்பதற்கு முன்

பிக்அப் வாங்குவதைப் பற்றி நம்மவர்களிடம் யோசனை கேட்டால் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கிறது: டீசல். போன மாதம் டென்வரில் ஒரு புதுமனை விருந்திலும் அதையேதான் கேட்டேன். நாமக்கல் பக்கத்து இளைஞர் ஒருவர் டிரெய்லர் வீடு வாங்கியிருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை யெல்லோஸ்டோனுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துவராது. சொந்த அடுப்பும் சொந்தக் கழிப்பறையும் கூடவே வந்தால் பெரியவர்களுக்கு நிம்மதி. எதை வைத்து இழுக்கலாம் என்று அவர் கேட்டதுதான் தாமதம். "இழுவைன்னா டீசல்தானுங்க தம்பி" என்றார் ஒருவர். "பெட்ரோல் வண்டி மலையில திணறிப் போயிடும்" என்றார் இன்னொருவர். ஊரிலிருக்கும் மாமாவும் வாட்ஸ்அப்பில் டீசலுக்கே கை தூக்கினார். டிரெய்லர் எத்தனை கிலோ, வண்டிக்குள் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

டீசல் மீது நமக்குள்ள இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. இந்தியாவில் பெட்ரோல் விலையை 2010-லேயே சந்தையிடம் விட்டுவிட்டார்கள். டீசல் விலையை 2014 அக்டோபர் வரை அரசு தன் கையில் வைத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசல் கார் வாங்கியவர்தான் கெட்டிக்காரர். அந்தக் கணக்கோடு விமானம் ஏறியவர்கள் இங்கே வந்தும் அதையே போடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் மத்திய வரியே தலைகீழாக இருக்கிறது: கேலனுக்குப் பெட்ரோல் மீது 18.4 சென்ட், டீசல் மீது 24.4 சென்ட். பங்கிலும் பெரும்பாலும் டீசல்தான் விலை கூடுதல். போதாததற்கு, பெரிய பிக்அப்களில் டீசல் எஞ்சினுக்கென்று பத்தாயிரம் டாலர் அளவுக்குத் தனியாகக் கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரெய்லரை இழுக்கும்போது டீசல் கேலனுக்கு 11 மைல், பெட்ரோல் 8 மைல் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். டீசல் 3.80 டாலர், பெட்ரோல் 3.20 டாலர். வருடம் 10,000 மைல் இழுத்தாலும் மிச்சம் 550 டாலரைச் சுற்றித்தான் வரும். அதிகமாகக் கொடுத்த பத்தாயிரத்தை எடுக்கப் பதினெட்டு வருடம் ஆகும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் மட்டும் இழுக்கும் குடும்பம் வருடத்துக்குப் பத்தாயிரம் மைல் எங்கே இழுக்கப் போகிறது? விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மை. அந்த ஒரு லாபத்துக்காக இவ்வளவு பணத்தை முடக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

டீசலுக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். டென்வரே 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஐ-70 சாலையில் போனால் ஐசனோவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டரில். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால், சுரங்க வாசலை அடையும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ உள்ள டீசலுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஃபோர்டின் ஈகோபூஸ்ட் போன்ற பெட்ரோல் எஞ்சின்களிலும் டர்போ உண்டு என்பதை நம் விருந்து நிபுணர்கள் சொல்வதில்லை. டீசலின் பெரிய பலம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான் இருக்கிறது. சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் நோக்கி இறங்கும் சரிவு 7 சதவீதம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக், பிரேக் மிதியை அடிக்கடி மிதிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு போதும். இந்த நாட்டில் நான் மனதார மதிக்கும் சிலவற்றில் ஒன்று, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளைச் சீட்டு. ஏறும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் எண் ஒரு மாடலில் அதிகபட்சமாக எட்டக்கூடிய எண். சீட்டில் இருப்பதோ உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரியது. கூரைக் கண்ணாடி, தோல் இருக்கை, பெரிய சக்கரம் என்று தொழிற்சாலையில் எதைச் சேர்த்தாலும் எண் குறையும். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு வேறு வேறு எண் இருக்கலாம். விற்பவர் என்ன வாக்குக் கொடுத்தாலும் இதை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது. ஒரு பொருளின் பலவீனத்தை அந்தப் பொருளின் மேலேயே ஒட்டி விற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்களே, அதற்காக இந்த நாட்டை எத்தனை முறையும் பாராட்டுவேன்.

இழுவைத் திறனுக்கும் இவர்களிடம் ஒரு பொது அளவு இருக்கிறது. எஸ்ஏஇ ஜே2807 என்பது அதன் பெயர். அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் சாலையில், 38 டிகிரி வெயிலில், ஏசி முழுதாக ஓட, டிரெய்லரோடு 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சாதாரண பிக்அப்பின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. 2011-ல் டொயோட்டா முதலில் இதை ஏற்றது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே மலையில் அளந்துகொள்ளச் சம்மதித்தது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடுவது இரண்டு பேர். ஆளுக்கு 68 கிலோ. நம் குடும்பம் இரண்டு பேரோடு கிளம்புகிறதா?

அந்த இளைஞரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,200 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை பிக்அப்பின் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 13 சதவீதம் என்றால் 416 கிலோ. எடையைப் பகிரும் கொக்கி அமைப்பு 45 கிலோ. அப்பா, அம்மா, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 320 கிலோ. ஆகமொத்தம் 781. எஃப்-150, சில்வராடோ 1500 போன்ற ஆஃப்-டன் வண்டிகளில் சீட்டு 680 கிலோ என்று சொல்வது சகஜம். ஐந்தாயிரம் கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்த அதே வண்டி 3,200 கிலோ டிரெய்லரிலேயே நூறு கிலோ மீறிவிட்டது. அரிசி மூட்டை, கிரைண்டர், ஐஸ் பெட்டி எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை. வழியில் தண்ணீர் கிடைக்குமோ என்று 150 லிட்டர் தொட்டியைக் கிளம்பும்போதே நிரப்பும் நம் பழக்கத்தில் டிரெய்லருக்கு இன்னொரு 150 கிலோ.

ஆஃப்-டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டிக்குப் போனால் டீசல் ஆசை நம்மை இன்னும் மோசமாக ஏமாற்றும். டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். வண்டியின் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் நிறுத்திய மாடல்களில், அந்தக் கனம் அப்படியே சீட்டு எண்ணிலிருந்து கழிகிறது. அதிகம் இழுக்கும் வண்டி குறைவாகச் சுமக்கிறது. 1,200 பவுண்டு-அடி முறுக்குவிசைக்குப் பணம் கட்டிவிட்டு, பாட்டியை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை.

வாரநாளில் அதே வண்டியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டு, பால் வாங்கி வருவார்கள். 2007-க்குப் பிந்தைய டீசல்களில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நெடுஞ்சாலைச் சூட்டில்தான் நன்றாகச் சுத்தமாகும். பத்து நிமிட ஓட்டத்திலேயே காலம் தள்ளினால் கரி சேர்ந்து அடைக்கும். யூரியாக் கரைசலும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். அது மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதைச் சூடாக்கவும் தனி ஏற்பாடு.

இவ்வளவு புகழ்ந்தபின் இந்த நாட்டின் மீதுள்ள என் கோபத்தையும் சொல்ல வேண்டும். சீட்டை ஒட்டினார்கள், படிக்க வைக்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் கார் உரிமம் வைத்திருப்பவர், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 11,800 கிலோ வரை எந்தத் தேர்வும் இல்லாமல் இழுத்துக்கொண்டு மலை ஏறலாம். வாழ்நாளில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பார்க்காதவருக்கும் அன்றே சாவி கிடைக்கும். நாமக்கல் லாரிக்காரர்களில் ஸ்டியரிங்கைத் தொடும் முன் பல வருடம் கிளீனராக ஓடியவர்கள் எத்தனை பேர்! டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று சொல்வார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஊறிய பாடம். இங்கே வாரக்கடைசியில் படகு இழுக்கும் பிக்அப்பின் முறுக்குவிசையில் பாதியை வைத்துக்கொண்டு முப்பது டன் சரக்கை சேலத்திலிருந்து கொல்கத்தா கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் அவர்கள். நம் ஊர் லாரிக் கதவிலும் எடை எழுதியிருக்கும். மீறினால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்குமேல் டன்னுக்கு 2,000. அப்படியும் மீறுகிறார்கள், சாலையும் உயிரும் போகிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் தான் மீறுவது அந்த ஓட்டுநருக்குத் தெரியும். இங்கே உல்லாசப் பயணம் போகிறவருக்கு அதுகூடத் தெரியாது.

இருபது வருடம் இந்த மலைகளில் இழுத்தவனாகச் சொல்கிறேன். டிரெய்லர் 4,500 கிலோவுக்குள் இருந்து, வருடத்தில் சில பயணம் மட்டும் போகிற குடும்பத்துக்கு முக்கால் டன் பெட்ரோல் வண்டி போதும்: ஃபோர்டின் 7.3 லிட்டரோ செவர்லேயின் 6.6 லிட்டரோ. ஏற்றத்தில் சத்தம் போடும், வலது பாதையில் மெதுவாக ஏறும், போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு மேற்பட்ட எடை, வாரம் தவறாமல் மலை, ஓய்வுக்குப் பின் முழுநேரமும் டிரெய்லரிலேயே வாழ்க்கை என்றால் ஒன்-டன் டீசல் வாங்குங்கள், அது உங்களுக்கானது. நாமக்கல் தம்பிக்கு நான் சொன்னது பெட்ரோல்.

எதை வாங்கினாலும் ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கிறது. 1977 முதல் நடக்கும் நிறுவனம். அது கொடுக்கும் எடை தவறி லாரிக்காரருக்கு அபராதம் வந்தால் தானே ஏற்பதாக உத்தரவாதம் கொடுக்கிறது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை வரும்; இருபது டாலர்கூட ஆகாது. முதல் மலைப் பயணத்துக்கு முன் முழுக் குடும்பத்தையும் ஏற்றி, தொட்டி நிறையத் தண்ணீரோடு ஒரு முறை அதில் நிறுத்திப் பாருங்கள். அதைச் செய்யாமல் அப்பா அம்மாவை அந்த 7 சதவீத இறக்கத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.