பதினாறு வாரத்து ஊசி

நாய்க்குட்டியோடு வருகிறவர்கள் பலர், "ஊசியெல்லாம் போட்டாச்சு டாக்டர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தால் வெறிநோய் ஊசி மட்டும் இருக்கும். அது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைத் தடுக்காது. சிலர் அட்டையில், டிஸ்டெம்பரையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி ஆறாவது வாரத்தில் ஒருமுறை போட்டு, அதோடு நின்றிருக்கும். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த இரண்டாவது அட்டைதான். போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் குட்டியைத் தெருவில் இறக்கிவிடுகிறார்கள்.

எதிர்ப்புச் சக்தியுள்ள தாயின் சீம்பால் குட்டியைச் சில வாரங்கள் காக்கும். ஆனால் சீம்பாலில் வந்த அதே எதிர்ப்புப் பொருள், ஊசியிலுள்ள வலுக்குறைந்த வைரஸையும் வேலை செய்யவிடாது. அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். அந்தக் கடைசி ஊசியை விட்டால் முன்னால் போட்டவை வீணாகியிருக்கலாம். ஒரு வயதுக்குள் இன்னொன்றும் வேண்டும்.

டிஸ்டெம்பர் வைரஸ், தட்டம்மை வைரஸின் உறவு. இருமலிலும் தும்மலிலும் பரவும். காய்ச்சல் வந்து தணிந்து மறுபடி வரும். கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, வாந்தி, கழிச்சல். சில நாய்களுக்கு மூக்கும் பாதமும் காய்ந்து தடித்துப்போகும். இதையெல்லாம் தாண்டி நாய் சாப்பிட ஆரம்பித்து, வீட்டார் நிம்மதியான பிறகு, சில வாரம் கழித்து ஒரு கால் தானாகத் துடிக்கத் தொடங்கும். தூக்கத்திலும் அது நிற்காது. தாடை எதையோ மெல்வதுபோல் அசையும், பிறகு வலிப்பு. வைரஸைக் கொல்லும் மருந்து எங்களிடம் இல்லை. குளுக்கோஸ் ஏற்றுவதும், கூட வரும் கிருமித்தொற்றுக்கும் வலிப்புக்கும் மருந்து தருவதும்தான் சிகிச்சை. துடிப்பு நிற்காவிட்டாலும் சாப்பிட்டு நடக்கிற நாயைக் கைவிடாதீர்கள் என்றே சொல்வேன். அப்படியே பல ஆண்டு வாழ்கிற நாய்கள் உண்டு.

2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிடமும் இதே வைரஸ் இருந்தது. காட்டு விலங்கையும் விடாத நோய், தடுப்பூசி போடாத தெருநாய்களிடையே சுலபமாகச் சுற்றும்.

உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி போட்ட தேதி அதில் இல்லையென்றால், வேறு நாய்களோடு பழகவிடும் முன் குட்டியை மருத்துவரிடம் தூக்கி வாருங்கள். நீங்கள் சோறு வைக்கும் தெருநாய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.