நாலு பென்ஸ்

கொலைகாரன் யார் என்பது இறுதிவரை துலங்காத வழக்கொன்றைப் பற்றிய நூலை, கொலைகாரன் யார் என்று அறியும் ஆவலுடனேயே நான் கையில் எடுத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் முடிவுக்கும் நவம்பர் முற்பகுதிக்கும் இடையில், கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் சுற்றாடலில் ஐந்து பெண்கள் கொலையுண்டனர். கொன்றவன் அகப்படவில்லை. ‘ஜாக் த றிப்பர்’ என்ற பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. அப்பெயரும் செய்தி நிறுவனமொன்றுக்கு வந்த கடிதத்தில் கையொப்பமாக இருந்ததே. அக்கடிதத்தை எழுதியவன் ஒரு பத்திரிகையாளன் என்றே பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் பின்னாளில் கருதினர்.

வைத்தியனா, வழக்கறிஞனா, அரச குடும்பத்தவனா என்று ஊகித்த நூல்கள் பலவற்றை இளமையில் விழுங்கியவன் நான். இறந்த பெண்களில் ஒருத்தியின் பெயரையேனும் அன்று என்னால் சொல்லியிருக்க முடியாது. 2019இல் ஹலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியை எழுதிய ‘ஐவர்’ என்னும் நூலையும் அவ்வரிசையில் ஒன்றென எண்ணியே திறந்தேன். அம்மையாரோ கொலைகாரனைத் தேடவேயில்லை, கொலைகளை வருணிக்கவுமில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது!

மேரி ஆன் நிக்கல்ஸ் ஒரு கொல்லனின் மகள்; ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள். கணவனைப் பிரிந்தபின் ஏழைகள் இல்லத்துக்கும் தெருவுக்குமாக அலைந்தாள். 1887இல் டிரபல்கார் சதுக்கத்தில் வீடற்றோருடன் படுத்துறங்கினாள். 1888 ஆகஸ்ட் 31 அதிகாலை, படுக்கைக்குக் கொடுக்க நாலு பென்ஸ் இல்லாமையால் வாடகை விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். சில மணி நேரத்தில் பிணமாகக் கிடந்தாள். எட்டு நாட்களின் பின், அனி சப்மனும் படுக்கைக் காசில்லாமலே நள்ளிரவு கடந்து வெளியே போனாள்.

ஐவரையும் விபசாரிகள் என்ற ஒரே சொல்லில் அடக்குவது வழக்கமாயிற்று. மூவரைப் பொறுத்தவரை அதற்குச் சான்றில்லை என்கிறார் ஆசிரியை. அதை ஏற்காத ஆய்வாளரும் உளர். எனக்கு அவ்வாதத்தில் அதிக அக்கறையில்லை. அத்தொழிலே செய்திருந்தாலும், கொலை சிறுத்துப்போகுமா?

அதே ஆண்டு ஜூலையில், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய ‘போ’ என்னும் இடத்தில், தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். பிற்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரே அவர்களின் அவலத்தை எழுதி அம்பலப்படுத்தியவர். இவ்வேலைநிறுத்தத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். நிக்கல்ஸின் கொலை அதற்கு இரு மாதம்கூடக் கழியுமுன் நிகழ்ந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே அது உறைத்ததில்லை. சங்கம் சேரத் தொழிற்சாலையாவது வேண்டுமே. நிக்கல்ஸுக்கு அதுவும் இருக்கவில்லை.

பேர்னாட் ஷா அந்தச் செப்டம்பரிலேயே பத்திரிகைக்கு எழுதினார்: சமூகவுடைமையாளர் பிரசாரம் செய்தும் சாதியாததை ஒரு கொலைகாரன் சாதித்துவிட்டான், கனவான்களின் பார்வை ஏழைகள் மீது திரும்பிவிட்டது என்ற கருத்தில். அங்கதந்தான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூலின் இறுதியில், இறந்தவர்களிடம் இருந்த பொருள்களின் பட்டியல் வருகிறது. நிக்கல்ஸிடம் ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, ஒரு கண்ணாடித் துண்டு. கதரின் எடோஸிடம் ஒரு தகர டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சீனி. அந்தப் பக்கத்தை என் மாணவி ஒருத்திக்கு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தவள் கேட்டாள்:

“அப்ப, கொலை செய்தவன் ஆர், சேர்?”